அஞ்சாவது விரல்

எங்கள் ஊர்க் கோயிலுக்கு ரெண்டு தூம்பா. ஊராருக்கு ஒன்று, சேரிக்கு ஒன்று. ஊர்த் தூம்பா கோயிலை ஒட்டிய கொட்டகையில் கறுப்புத் துணி போர்த்தி நிற்கும். எங்களுடையது கல்லறைத் தோட்டத்து மதிலோரம் மழையில் நனைந்து கிடக்கும். என் அப்பாயி செத்த அன்று அதன் சக்கரம் ஒன்று சுழலவில்லை. நாலு பேர் தோளில்தான் தூக்கிப் போனோம். சாமியார் சேரிக்கு வரவில்லை. கல்லறை வாசலில் நின்று மந்திரித்து அனுப்பினார். அடுத்த ஞாயிறு பூசையில் அதே சாமியார் பிறரன்பைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார்.

அப்பாயிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஞானோபதேசம் மட்டும் தலைகீழாகத் தெரியும். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டிய காரியம் அஞ்சு என்று விரலை மடக்கிச் சொல்லித் தருவாள். செஞ்ச பாவத்த நெனச்சுப் பாக்கணும். அதுக்கு மனஸ்தாபப்படணும். இனிமே செய்யமாட்டேன்னு பிரதிக்கினை பண்ணணும். ஒளிக்காமச் சொல்லணும். குடுத்த அபராதத்தத் தீக்கணும். "அஞ்சுல ஒண்ணு கொறஞ்சாலும் அது சங்கீர்த்தனமில்லடா, வெறும் பேச்சு." தமிழகக் கத்தோலிக்கத் திருச்சபையின் நானூறு வருச வரலாற்றை இந்த அஞ்சு விரலில் வைத்துப் பார்க்கலாம் என்று எனக்குப் பிற்பாடுதான் தோன்றியது.

1606இல் மதுரைக்கு வந்தவர் இராபர்ட் தெ நொபிலி. பிராமணரிடம் பேச வேண்டுமென்று சந்நியாசி வேடம் பூண்டார், தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்டவரிடமிருந்து விலகி வாழ்ந்தார். மற்றவர்களுக்கென்று பின்னால் பண்டாரசாமிகள் வந்தார்கள். ஆக, வேதம் ஒன்று, சாமியார் ரெண்டு வகை. போப்பாண்டவரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், 1704இல், நோயில் கிடக்கும் பறையரின் வீட்டுக்கே போய் அருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்று ஆணையிட்டார். சேசு சபையார் மறுத்து வழக்காடினார்கள். நாற்பது வருசம் இழுத்த அந்தச் சண்டை 1744இல் பதினான்காம் பெனடிக்ட் காலத்தில் எப்படி முடிந்தது? பறையருக்கென்று தனிக் குருக்களை வைத்துக்கொள்ளலாம் என்று முடிந்தது. சாகக் கிடப்பவனின் குடிசைக்குள் குனிந்து நுழைவதா வேண்டாமா என்பதுதான் அன்றைக்கே கேள்வி. அப்பாயியின் சாவுக்குச் சாமியார் சேரிக்குள் வராததற்கு இவ்வளவு நீண்ட வரலாறு உண்டு.

அடுத்தது அரசாங்கத்தின் கதை. 1950 ஆகஸ்டு 10ஆம் தேதி வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் எவரும் தாழ்த்தப்பட்ட சாதியார் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. தமிழ்நாட்டுப் பட்டியலில் நாங்கள் "கிறிஸ்தவராக மதம் மாறிய ஆதிதிராவிடர்" என்று பிற்படுத்தப்பட்டோரில் வைக்கப்பட்டோம்.

இந்த ஆணை எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. பள்ளியில் சேர்க்கும்போது என் சித்தப்பா மகனுக்கு வேறு பெயர் வைத்து 'இந்து' என்று எழுதினார்கள். என்னையும் அப்படியே எழுதச் சொன்னார் வாத்தியார். அப்பாயி குறுக்கே நின்றாள்: "சாமிய மறச்சு வச்சுட்டுச் சோறு திங்கக் கூடாது." அவன் அரசாங்க வேலைக்குப் போனான். ஊருக்கு வந்தால் கடைசி வரிசையில் நின்று பூசை கண்டுவிட்டுப் போவான். நான் ஞானஸ்நானப் பெயரோடு அலைந்தேன். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. விசுவாசத்துக்குக் கூலி பட்டினி என்றும், மறுதலிப்புக்குக் கூலி சம்பளம் என்றும் ஒரு சட்டம் வைத்தால், பாவம் யாருடையது?

சூசை என்கிற செருப்புத் தொழிலாளி இதே கேள்வியை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். தெருவோரத்தில் உட்கார்ந்து செருப்புத் தைக்கும் தாழ்த்தப்பட்டோருக்கு 1982இல் அரசு இலவசப் பெட்டிக்கடை கொடுத்தது. சூசை பிறப்பால் ஆதிதிராவிடர், வேதத்தால் கிறிஸ்தவர். அவருக்குக் கடை இல்லை. 1985இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. அதன் கொடுமை புதிய சமூகத்திலும் அதே கடுமையோடு தொடர்கிறது என்று காட்ட வேண்டும், அதற்கு ஆதாரமான விரிவான ஆய்வு எதுவும் முன்வைக்கப்படவில்லை என்றது நீதிமன்றம். மனு தள்ளுபடி.

தோழர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஆதாரம் இல்லாமலா போச்சு? ரெண்டு தூம்பா ஆதாரமில்லையா? கல்லறைக்குள் குறுக்குச் சுவர், சேரிக்குள் நுழையாத தேர், 'ஆர்.சி. உடையார்', 'ஆர்.சி. வன்னியர்' என்று வரும் மணமகள் தேவை விளம்பரங்கள் எல்லாம் என்ன? ஆதாரம் முழுக்கத் திருச்சபையின் கையில் இருந்தது. "கிறிஸ்துவில் சாதி இல்லை" என்று பிரசங்கம் வைத்து அதை அது மறைத்தது. அதே வாக்கியத்தைத்தான் அரசும் எங்களைப் பார்த்துச் சொன்னது. அன்பின் பெயரால் சொன்ன பொய், கோர்ட்டில் எங்களுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறந்தார்கள். தலித் மக்கள் தெருவுக்கு வந்து போராடியதால் திறந்தார்கள். 1990இல் தமிழக ஆயர் பேரவை பத்து அம்சத் திட்டம் போட்டது. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்து கன்னியர் மடத்துக்குள் இருந்த சாதியை ஊருக்குச் சொன்னது. 2004இல் எட்டு அம்சத் திட்டம். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் கொள்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை உண்டு, அது பாவம் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது. நாட்டின் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்ற கணக்கும் அதோடு வந்தது. மூணில் ரெண்டு பங்குக்கு நெருக்கம். பெரும்பான்மையாக இருந்துகொண்டே வாசலில் நிற்கிற சனம் நாங்கள்.

நினைத்தாயிற்று, மனஸ்தாபம் ஆயிற்று, பிரதிக்கினை ஆயிற்று, சொல்லியும் ஆயிற்று. நாலு விரல் மடங்கிவிட்டது. அஞ்சாவது?

2008 மார்ச் 9, தபசுகால ஞாயிறு. லாசர் கல்லறையிலிருந்து எழுந்த நற்செய்தி வாசிக்கப்பட்ட நாள். அன்றைக்குத்தான் எறையூரில், தங்களுக்குத் தனிப் பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. தாக்கியவர்களும் கத்தோலிக்கர்கள்தான், வன்னியர்கள். போலீஸ் சுட்டதில் செத்த ரெண்டு பேரும் அந்தத் தரப்பினர். அவர்களுக்காகவும் நான் செபிக்கிறேன். சாதி அவர்களையும்தான் தின்றது.

2022இல் அந்தோணி பூலா கர்தினால் ஆனார், தலித்துகளில் முதல் ஆள். சந்தோசம்தான். ஆனால் ஒருத்தர் தலையில் சிவப்புத் தொப்பி ஏறியதால் அபராதம் தீர்ந்துவிடாது. கல்லறைச் சுவரை இடிப்பது, தேரைச் சேரிக்குள் கொண்டுவருவது, பள்ளி கல்லூரி இடங்களையும் வேலைகளையும் எண்ணிக்கைப்படி பங்கு பிரித்துக் கொடுப்பது, இதுதான் அபராதம்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஆதாரம் எங்கே என்று கோர்ட்டு கேட்டது. அதை மடத்திடமும் மேற்றிராணியாரிடமும் விட்டுவைக்க வேண்டாம். படிக்கிற பிள்ளைகள் லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துப் போங்கள். உங்கள் பங்கில் எத்தனை தூம்பா, தேர் எந்தத் தெருவோடு திரும்புகிறது, பங்குப் பேரவையில் நம்ம ஆள் எத்தனை பேர், கடைசியாகச் செத்தவரை எந்த வழியாகக் கொண்டுபோனார்கள் என்று கிழவிகளிடம் கேட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள்.

என் நோட்டில் முதல் பக்கம் அப்பாயியின் சாவு. சுழலாத சக்கரத்தையும் எழுதியிருக்கிறேன்.