தொண்டைப் புண் ஆறிப்போச்சு, இதயம் கெட்டுப்போச்சு: மலாயாக் காட்டுல ஒரு கெரில்லா இயக்கம் தன்னையே தின்ன கதை

1/ தொண்டையில ஒரு கிருமித் தொற்று. நாலு நாள் காய்ச்சல், அப்புறம் சரியாயிடுது. ரெண்டு மூணு வாரம் கழிச்சு மூட்டு வீங்குது, இதய வால்வு பழுதாகுது. அந்தக் கிருமியை அடிக்க உடம்பு தயாரிச்ச எதிர்ப்புப் புரதம், ஜாடை ஒத்துப்போறதால இதயத்தையும் எதிரின்னு நினைச்சு அடிக்குது. இதுக்குப் பேரு ருமாட்டிக் காய்ச்சல்.

2/ மலாயா கம்யூனிஸ்ட் கட்சியோட வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நோய்தான் ஞாபகம் வரும். கொஞ்சம் நீளமான இழை. டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

3/ முதல்ல கிருமி. பேரு லாய் டெக். வியட்நாம்காரர். 1939ல கட்சியோட பொதுச்செயலாளர் ஆனார். சர்வதேசக் கம்யூனிஸ்ட் அமைப்பே அனுப்பிவச்ச ஆள்னு தன்னைச் சொல்லிக்கிட்டார், தோழர்களும் நம்பினாங்க. உண்மையில அவர் பிரிட்டிஷ் உளவுத்துறையோட ஆள். அதுக்கு முன்னாடி பிரெஞ்சுக்காரங்களுக்கும் வேலை பார்த்தவர்.

4/ 1942ல சிங்கப்பூர் ஜப்பான் கையில விழுந்துச்சு. லாய் டெக் பிடிபட்டார். உயிர் பிழைக்க ஜப்பானோட ராணுவப் போலீஸுக்கும் உளவாளி ஆனார். மூணாவது முதலாளி! வெளியே அவர்தான் ஜப்பானிய எதிர்ப்புப் போரை நடத்துற கட்சியோட தலைவர்.

5/ பத்துமலை தெரியும்ல? நம்மாளுங்க தைப்பூசத்துக்குக் காவடி எடுக்குற அதே இடம். 1942 செப்டம்பர் 1ஆம் தேதி, அந்தப் பக்கம் ஒரு கிராமத்துல கட்சித் தலைவர்களும் படைத் தளபதிகளும் ரகசியமா கூடினாங்க. விடியற்காலையில ஜப்பான் ராணுவம் சுத்தி வளைச்சுது. முக்கியமான ஆட்கள் பலர் அங்கேயே செத்தாங்க. கூட்டத்துக்கு வராத பெரிய தலை, லாய் டெக்.

6/ இதுக்கு அப்புறமும் நாலரை வருஷம் அவர்தான் தலைவர். சந்தேகம் வரலையான்னு கேட்பீங்க. வந்துச்சு. ஆனா தலைவரைக் கேள்வி கேட்கிறதே துரோகம்னு ஆகிட்ட இடத்துல, சந்தேகத்தை யார்கிட்ட போய்ச் சொல்ல?

7/ 1947 மார்ச்ல அவரை விசாரிக்கக் கூட்டம் போட்டாங்க. ஆள் வரலை. கட்சிப் பணத்தோட ஓடிட்டார். அதே வருஷம் பாங்காக்ல தேடிப் பிடிச்சுக் கொன்னாங்க. புதுப் பொதுச்செயலாளர் சின் பெங். வயசு வெறும் 22. ஜப்பானை எதிர்த்துப் போராடினதுக்கு பிரிட்டன்கிட்டயே விருது வாங்கினவர்.

8/ கிருமி செத்துடுச்சு, காய்ச்சலும் விட்டுடுச்சு. ஆனா, 'தலைவரே உளவாளின்னா வேற யார்தான் உளவாளி இல்லை?'ங்கிற பயம் உடம்புக்குள்ள தங்கிடுச்சு. இதை மனசுல வச்சுக்கோங்க.

9/ 1948 ஜூன்ல சுங்கை சிப்புட்ல மூணு ஐரோப்பியத் தோட்டத்துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டாங்க. பிரிட்டிஷ் அரசு அவசரநிலை அறிவிச்சுது. கட்சி காட்டுக்குள்ள போச்சு. தொழிற்சங்கத் தலைவரா இருந்த நம்ம தஞ்சாவூர்க்காரர் எஸ்.ஏ.கணபதியை 1949 மே மாசம் தூக்குல போட்டதும் இந்தக் காலத்துலதான். துப்பாக்கி வச்சிருந்தார்ங்கிறது குற்றச்சாட்டு.

10/ இப்ப காட்டுக்குள்ள இருக்கிற ஒரு சாதாரணப் போராளியா உங்களை நினைச்சுப் பாருங்க. காட்டோரம் இருந்த சுமார் 5 லட்சம் பேரை அரசு முள்வேலி போட்ட 'புதுக்கிராமங்கள்'ல அடைச்சிடுச்சு. அரிசிக்கு ரேஷன். கடையில டின் உணவு வித்தா, விக்கும்போதே டின்ல ஓட்டை போடணும்னு உத்தரவு. ஓட்டை போட்ட டின் சீக்கிரம் கெட்டுடும், காட்டுக்குக் கடத்த முடியாது. பசி.

11/ தலைக்கு மேல விமானத்துல ஒலிபெருக்கி. 'வெளியே வா, கொல்ல மாட்டோம்.' கூடவே துண்டுப் பிரசுரம். ஏற்கெனவே சரணடைஞ்ச உன் நண்பன் நல்லா சாப்பிட்டுச் சிரிக்கிற போட்டோ. தலைவர்களோட தலைக்கு விலை வேற. சின் பெங்கை உயிரோட பிடிச்சுக் கொடுத்தா 2,50,000 மலாய் டாலர்.

12/ ஆனா பசியும் பணமும் மட்டுமே காரணம்னு நினைச்சா பாதி கதைதான் புரியும். மலாக்காவுல சியூ லாவ்னு ஒரு கட்சிக்காரர். நம்ம வழிமுறை தப்பு, மக்கள் ஆதரவை இழக்கிறோம்னு எழுதினார். 1950ல சொந்தக் கட்சியே அவரைக் கொன்னுடுச்சு.

13/ வேடிக்கை என்னன்னா, 1951 அக்டோபர்ல கட்சித் தலைமையே ஒரு தீர்மானம் போட்டுச்சு: ரப்பர் மரங்களை வெட்டுறது, பொதுமக்களோட அடையாள அட்டையைப் பிடுங்குறது எல்லாம் தப்பு, மக்கள் வெறுக்கிறாங்க, நிறுத்துங்க. விமர்சனம் சரிதான். விமர்சிச்சவர்தான் உயிரோட இல்லை.

14/ உள்ளே பேச வழி இல்லாதவன் என்ன பண்ணுவான்? வெளியே போவான். 12 வருஷத்துல சுமார் 2,700 பேர் சரணடைஞ்சாங்க. தொழிற்சங்கத் தலைவரா இருந்த லாம் சுவீ 1950ல வெளியே வந்து, தலைமையைக் குற்றம்சாட்டி ஒரு சிறு நூலே எழுதினார். சரணடைஞ்சவங்களை வச்சே போலீஸ் ஒரு தனிப்படை அமைச்சுது.

15/ உச்சகட்டம் 1958. தென்பகுதியோட பொறுப்பாளர், பெரிய தலைவர் ஹோர் லுங், சத்தமே இல்லாம ஒரு போலீஸ் நிலையத்துக்கு வந்து சரணடைஞ்சார். அரசு அதை சில மாசம் வெளியே சொல்லலை. அவரே திரும்பக் காட்டுக்குள்ள போய்ப் பேசி, சுமார் 160 பேரை வெளியே கொண்டுவந்தார். ஜொகூர் காடு காலி.

16/ மிச்சம் இருந்தவங்க தாய்லாந்து எல்லைக்குப் போயிட்டாங்க. சின் பெங் 1961ல பெய்ஜிங் போயிட்டார். 60கள்ல புது இளைஞர்கள் வந்து சேர்ந்தாங்க. அதுல சில உளவாளிகளும் இருந்தாங்கன்னு தலைமை கண்டுபிடிச்சுது. இப்பதான் பழைய தொண்டைப் புண் இதயத்துக்கு வருது.

17/ விசாரணை ஆரம்பிச்சுது. மிரட்டி வாக்குமூலம் வாங்கினாங்க. அடி தாங்காதவன் இன்னொருத்தன் பேரைச் சொல்வான். அவன் மூணாவது ஆளைச் சொல்வான். ஒவ்வொரு பொய் வாக்குமூலமும் அடுத்த கொலைக்கு ஆதாரம். கட்சியை நம்பி வீட்டை விட்டு வந்த பசங்களைக் கட்சியே கொன்னுச்சு.

18/ 1970ல, சந்தேகத்துக்குரிய புதுசா சேர்ந்தவங்களைக் கொல்லுங்கன்னு 8ஆவது ரெஜிமெண்டுக்கும் உத்தரவு வந்துச்சு. அவங்க முடியாதுன்னுட்டாங்க. பிரிஞ்சு தனிக் கட்சி ஆனாங்க. 1974ல 12ஆவது ரெஜிமெண்டுல ஒரு பகுதியும் பிரிஞ்சுது. கொல்ல மறுத்தவங்களுக்குத் தலைமை தரப்புல என்ன பேரு தெரியுமா? துரோகி.

19/ பிரிஞ்ச ரெண்டு கட்சியும் 1983ல இணைஞ்சு, 1987ல தாய்லாந்து அரசுகிட்ட ஆயுதத்தை ஒப்படைச்சாங்க. சின் பெங்கோட தாய்க் கட்சி 1989 டிசம்பர் 2ஆம் தேதி ஹாட்யாய்ல சமாதான ஒப்பந்தம் போட்டுச்சு. அவர் 2013ல பாங்காக்ல இறந்தார். மலேசியா கடைசிவரை அவரை உள்ளே விடலை.

20/ லாய் டெக் செஞ்ச துரோகத்துக்கு ஒரு முடிவு இருந்துச்சு, 1947ல முடிஞ்சுது. அவர் விட்டுட்டுப் போன சந்தேகத்துக்கு முடிவே இல்லை. உளவாளி கண்டுபிடிக்கப்பட்டப்போ கட்சி கேட்டிருக்க வேண்டிய கேள்வி, 'நமக்குள்ள இன்னும் யார் உளவாளி?' இல்லை. 'எட்டு வருஷம் ஏன் ஒருத்தராலயும் வாய் திறந்து கேட்க முடியலை?' அதைக் கேட்டிருந்தா சியூ லாவும் பிழைச்சிருப்பார், அந்தப் பசங்களும் பிழைச்சிருப்பாங்க.

21/ கட்சியோ, சங்கமோ, ஆபீஸோ, எதுல நீங்க இருந்தாலும் ஒண்ணு பாருங்க. அங்க கேள்வி கேட்கிறவன் கதி என்ன? விலகிப் போறவங்க எண்ணிக்கை ஏன் கூடுதுங்கிறதுக்குப் பதில் பெரும்பாலும் அங்கதான் இருக்கும்.

பி.கு: குழந்தைகளுக்குக் காய்ச்சலோட தொண்டை வலி வந்தா, குறிப்பா 5 முதல் 15 வயசுக்குள்ள, 'தானா சரியாயிடும்'னு விடாதீங்க. டாக்டர்கிட்ட காட்டுங்க. மருந்து கொடுத்தா, வலி போன உடனே நிறுத்தாம, சொன்ன நாள் முழுக்கக் கொடுங்க. இதயத்தைக் காப்பாத்த அது உதவும்.