232 வருஷம் பகா எண் வேஷம் போட்ட ஒரு எண்

1/ 147573952589676412927. இந்த 21 இலக்க எண்ணை ஒரு தடவை நல்லா பாருங்க. 67 இரண்டுகளைப் பெருக்கி 1 கழிச்சா வர்றது. இது பகா எண், அதாவது 1-ஐயும் தன்னையும் தவிர வேற எதாலும் வகுபடாதுன்னு 1644-ல ஒருத்தர் எழுதினார். அது தப்பு. அந்தத் தப்பு எப்படி வெளிய வந்ததுங்கிறதுதான் இந்த த்ரெட்.

2/ எழுதினவர் மரின் மெர்சென், பிரெஞ்சுத் துறவி. இதே மாதிரி எண்கள்ல எத்தனை இரண்டுகளைப் பெருக்கினா பகா எண் வரும்னு 257 வரைக்கும் பட்டியல் போட்டார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. நிரூபணம் எதுவும் இல்ல. சரிபார்க்கவும் லேசுல முடியாது. 67-க்கு மட்டுமே, வகுத்துப் பார்க்கிறதுன்னா 1,200 கோடி வரைக்கும் போக வேண்டியிருக்கலாம்.

3/ 1876-ல எட்வார்ட் லூக்கா வேற வழி கண்டுபிடிச்சார். பின்னாடி லெமர் எளிமையாக்கின வடிவத்துல சொல்றேன். 31-ஐ எடுத்துக்கோங்க (5 இரண்டுகளைப் பெருக்கி 1 கழிச்சது). 4-ல ஆரம்பிங்க. வர்க்கம் எடுத்து, 2 கழிச்சு, 31-ஆல வகுத்து, மீதியை மட்டும் வச்சுக்கோங்க. 4, 14, 8, 0. மூணாவது படியில 0 வந்தா பகா எண். வரலைன்னா இல்ல.

4/ 67-க்கு வெறும் 65 படி. ரிசல்ட்: பகா எண் இல்ல. ஆனா எதால வகுபடும்? டெஸ்ட் சொல்லாது.

5/ டாக்டர்களுக்கு இது பழகின அவஸ்தை. ஈ.எஸ்.ஆர். எகிறி நிக்கும். உடம்புல ஏதோ இருக்குன்னு தெரியும், எங்கேன்னு தெரியாது. "அப்போ என்னதான் நோய் டாக்டர்?"னு கேட்டா பதில் இருக்காது. கணிதம் அந்த நிலைமையில 27 வருஷம் இருந்தது.

6/ 1903 அக்டோபர், அமெரிக்க கணிதச் சங்கக் கூட்டம். ஃபிராங்க் நெல்சன் கோல் எழுந்து போய், பேசாமலே கரும்பலகையில அந்த 21 இலக்க எண்ணைக் கணக்குப் போட்டாராம். பக்கத்துல 193707721 × 761838257287-ஐக் கையால பெருக்கினாராம். ரெண்டும் ஒண்ணு. கைதட்டல். எவ்வளவு நாளாச்சுன்னு கேட்டதுக்கு, மூணு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள்னு சொன்னதா கதை.

7/ மெர்சென் பட்டியல்ல 257-உம் தப்பு. 61, 89, 107 விட்டுப்போச்சு. ஆனா 127 சரி. அந்த 39 இலக்க எண் பகா எண்ணுதான்னு அதே 1876-ல லூக்காவே காட்டினார். 1951 வரைக்கும் மனுஷனுக்குத் தெரிஞ்ச மிகப் பெரிய பகா எண் அதுதான்.

8/ காரணியைத் தேடுறது வருஷக்கணக்கு, பெருக்கிச் சரிபார்க்கிறது நிமிஷக்கணக்கு. ஆர்.எஸ்.ஏ. ரகசியக் குறியீட்டு முறையே இந்த வித்தியாசத்தை நம்பித்தான் நிக்குது. ஆனா கோல் சொன்னதை நீங்க நம்ப வேண்டியதில்ல. ஒரு பேப்பர் எடுங்க, பெருக்கிப் பாருங்க. மெர்சென் சொன்னப்போ அந்த வசதி யாருக்கும் இல்ல.