அடியெடுத்துக் கொடுத்தல்

மனப்பாடம் ஒப்பிக்கும் பிள்ளை இடையில் திகைத்து நின்றுவிட்டால் ஆசிரியர் என்ன செய்கிறார்? அடுத்த அடியின் முதற்சொல்லை மட்டும் எடுத்துக் கொடுக்கிறார். எஞ்சிய பாட்டு தானே வந்துவிடுகிறது. வகுப்பறையில் நான் பன்முறை கண்ட காட்சி இது. மறந்துவிட்டதாகத் தோன்றிய பாட்டு அதுவரை எங்கே இருந்தது?

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பொருநையைக் கடந்து சில கல் தொலைவு சென்றால் ஆழ்வார்திருநகரியை அடையலாம். குருகூர் என்பது அதன் பழம்பெயர். அவ்வூரில் தோன்றிய நம்மாழ்வாரின் திருவாய்மொழி 1,102 பாசுரங்கள் உடையது. ஒரு பாசுரத்தின் ஈற்றுச்சொல்லே அடுத்ததன் முதலாக வரும்படி அந்தாதியாக அமைந்தது. பதிகம் முடிந்தாலும் இத்தொடர் அறுவதில்லை. இதைச் செய்யுள் அணி என்று மட்டும் எண்ணுதல் போதாது; ஒப்பிப்பவனுக்கு நூலே அடியெடுத்துக் கொடுக்கிறதன்றோ!

நாதமுனிகள் வரலாற்றைக் கேளுங்கள். அவர் காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்தவர். ஆழ்வார் பாடல்கள் வழக்கொழிந்திருந்த காலத்தில், குடந்தைப் பெருமாளைப் பற்றிய ஒரு பதிகத்தை யாத்திரிகர் சிலர் பாட அவர் கேட்டார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். அதன் கடைசிப் பாசுரம், இப்பத்தும் ஓர் ஆயிரத்தைச் சேர்ந்தவை என்கிறது. "மற்றவை எங்கே?" என்றார். அவர்கள் அறிந்தது அவ்வளவே.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அப்பதிகம் மானைக் குறிக்கும் சொல் வரும் தொடரோடு முடிகிறது. அடுத்த பதிகமும் அதே சொல்லோடு தொடங்குகிறது. எனவே அடுத்த அடியின் நுனி அந்த யாத்திரிகரின் நாவிலேயே இருந்தது. ஆயினும் பயன் இல்லை. ஏனெனில் அவர்கள் அடுத்ததைக் கற்றதே இல்லை.

இவ்வேறுபாட்டை உளநூலார் பின்னாளில் சோதனையால் தெளிவாக்கினர். 1966-இல் என்டெல் டல்விங், பெர்ல்ஸ்டோன் என்னும் இருவர் பள்ளி மாணவர்க்குச் சொற்பட்டியல்களை இனவாரியாகக் கற்பித்தனர். பின்னர் இனங்களின் பெயர்களைக் கொடுத்துக் கேட்டபோது, கொடாமற் கேட்டபோதைவிட மிகுதியான சொற்கள் நினைவுக்கு வந்தன. நினைவில் இருப்பது வேறு, வேண்டும்போது கைக்கு எட்டுவது வேறு என்பது அவர்கள் கண்ட முடிவு. நம் வகுப்பறைப் பிள்ளைக்குப் பாட்டு இருந்தது, எட்டவில்லை. யாத்திரிகர்க்கோ இருக்கவேயில்லை. தேர்வில் விடை தோன்றாத மாணவர்கள் தம் நிலை இவ்விரண்டில் எது என்று நேர்மையாக எண்ணிப் பார்க்கட்டும்!

ஜெர்மானியரான எபிங்ஹாஸ் 1885-இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் இங்கே நினைக்கத்தக்கது. பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறதி முதலில் விரைந்தும் பின்னர் மெல்லவும் நிகழ்வதை அவர் அளந்தார். ஆங்கிலக் கவி பைரனின் செய்யுளைக் கற்க, அதே அளவு வெற்று அசைகளுக்கு வேண்டியதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு முயற்சியே போதுமாயிற்று. பொருளும் சந்தமும் செய்யும் உதவி அத்தகையது. ஒரே நாளில் திரும்பத் திரும்பப் படிப்பதினும் நாள் இடைவிட்டுப் படிப்பது நிலைக்கும் என்பதையும் அவர் கண்டார்.

நாதமுனிகள் குருகூர் வந்து, மதுரகவியாழ்வாரின் சிறு பிரபந்தத்தைப் பன்னீராயிரம் முறை ஓதி நாலாயிரத்தையும் பெற்றார் என்பது மரபு. அந்த அற்புதத்தை ஆராய்வது என் வேலையன்று. அப்பாடல்களை ஓதும் ஏற்பாடே என்னைக் கவர்கிறது. இராப்பத்து நாட்களில் நாளுக்கொரு நூறாகத் திருவாய்மொழி ஆண்டுதோறும் ஓதப்படுகிறது. கோஷ்டியில் ஒருவர் குரல் தடுமாறினால் பக்கத்துக் குரல் அடியெடுத்துக் கொடுத்துவிடும். தடுமாறியவர் யாரென்று கேட்பவர்க்குத் தெரியாது.