போஸ்டரைக் கிழிக்க யாருக்கு உரிமை?

வாலிகண்டபுரத்தில் சாலையைப் பார்த்தபடி மதில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. தேர்தலுக்கு ஒரு வருஷம் இருக்கும்போதே யாராவது வந்து சுண்ணாம்பு அடித்து, மூலையில் கட்சியின் பெயரையும் ஆண்டையும் எழுதி, "ரிசர்வ்" என்று போட்டுவிட்டுப் போவார்கள். வீட்டுக்காரரைக் கேட்டார்களா? சிலரைக் கேட்டிருப்பார்கள். பலரிடம் "அண்ணே, எழுதிக்கிறோம்" என்று சொல்லியிருப்பார்கள். அது கேள்வி இல்லை, தகவல். அடுத்த கட்சிக்காரர் வந்தால் அவருக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அதே வீட்டுக்காரர்தான்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்துவிட்டாலும், சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடந்தது. நான் பள்ளிக்கூடம் போன அந்த நாட்களில், சில பழைய மதில்களில் மங்கிய கறுப்பு எழுத்தில் "தெஃபான்ஸ் தஃபிஷே, லுவா து 29 ஜூயே 1881" என்று இருக்கும். நோட்டீஸ் ஒட்டக் கூடாது, 1881 ஜூலை 29ஆம் தேதிச் சட்டம் என்று அர்த்தம். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதே அதில்தான் என்று சொன்னாலும் தப்பில்லை.

வேலையில் சேர்ந்த பிறகு அந்தச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். அதன் பெயரே பத்திரிகைச் சுதந்திரச் சட்டம். குடியேற்ற நாடுகளுக்கும் பொருந்தும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அதனால்தான் புதுச்சேரி மதிலுக்கும் வந்தது. அரசு அறிவிப்புகளுக்கு என்று மேயர் சில இடங்களைக் குறித்துவைக்க வேண்டும். அங்கே வேறு யாரும் ஒட்டக் கூடாது. வெள்ளைக் காகிதம் அரசுக்கு மட்டும். மற்றவர்கள் வண்ணக் காகிதத்தில்தான் அச்சடிக்க வேண்டும். ஆனால் தேர்தல் சுவரொட்டி என்றால், அந்த ஒதுக்கிய இடங்களையும் வழிபாட்டுத் தலங்களையும் தவிர்த்து மற்றப் பொதுக் கட்டடங்களில் ஒட்டலாம். வாக்குச்சாவடிக்குப் பக்கத்திலும் ஒட்டலாம்!

எனக்குப் பிடித்தது 17ஆம் பிரிவு. அது ஒட்டுவதைப் பற்றியது அல்ல, கிழிப்பதைப் பற்றியது. தேர்தல் சுவரொட்டியைக் கிழித்தவருக்கு 5 முதல் 15 பிராங்க் அபராதம். கிழித்தவர் அரசு ஊழியராக இருந்தால் 16 முதல் 100 பிராங்க், அல்லது 6 நாள் முதல் ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அரசுக்கு ஒதுக்கிய இடத்தில் ஒட்டியிருந்தால் மட்டும் அவர் கிழிக்கலாம். சொந்தச் சுவரில் ஒட்டியதைக் கிழிக்கும் வீட்டுக்காரருக்கோ தண்டனையே கிடையாது. குமாஸ்தாவுக்குப் பயம், வீட்டுக்காரருக்குச் சுதந்திரம். பிறகு 1914இல் பிரான்சில் இன்னொரு சட்டம் வந்தது. குறிப்பிட்ட இடங்களில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரே அளவு இடத்தை ஊராட்சியே ஒதுக்க வேண்டும். பணக்காரருக்கும் அதே பலகை, பரதேசிக்கும் அதே பலகை.

இதைச் சொன்னவுடன் பிரெஞ்சுக்காரர்களைப் புகழ்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பிரெஞ்சிந்தியத் தேர்தல்கள் தடியாலும் கள்ள ஓட்டாலும் பேர் போனவை. சட்டப் புத்தகம் ஒரு பக்கம், தெரு ஒரு பக்கம். (அவர்களுக்குப் புதுச்சேரியில் கால் வைக்க இடம் கொடுத்தவரே எங்கள் வாலிகண்டபுரத்திலிருந்து ஆண்ட பீஜப்பூர் அதிகாரி ஷேர்கான் லோடிதான். 1670களில் நடந்த கதை. அதைத் தனியாக எழுத வேண்டும்.)

நம் பக்கத்துச் சட்டம் வேறு கேள்வியிலிருந்து தொடங்கியது. திறந்தவெளி இடங்களின் அழகு கெடுவதைத் தடுக்கும் சட்டம் 1959இல் சென்னை மாநிலத்தில் வந்தது. பெயரிலேயே தடை இருக்கிறது. எங்கே ஒட்டலாம், யாருக்கு எவ்வளவு இடம் என்ற பேச்சு இல்லை. எந்தச் சுவரையும் யாருக்கும் கொடுக்கவில்லை. ஆகவே எல்லாச் சுவரையும் எடுத்துக்கொண்டார்கள். காவியிலும் நீலத்திலும் சின்னம் வரைந்த ஓவியர்கள் பிழைத்தார்கள், அது உண்மை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சின்னத்தை மனதில் பதிய வைத்தது அந்தச் சுவர்கள்தான். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

சேஷன் 1990 டிசம்பரில் தலைமைத் தேர்தல் ஆணையராக வந்த பிறகுதான் சுவருக்கும் ஆணையத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று பலருக்கும் தெரிந்தது. இன்றைய நடைமுறை இது: தேர்தல் அறிவித்த 24 மணி நேரத்துக்குள் அரசுக் கட்டடங்களில் இருப்பதை அகற்ற வேண்டும், பொது இடங்களில் 48 மணி, தனியார் இடத்தில் அனுமதியில்லாமல் இருப்பவற்றுக்கு 72 மணி. 2024 மார்ச் 16இல் அறிவிப்பு வந்தபோது எங்கள் ஊரிலும் சுண்ணாம்பு வாளியோடு ஆள் வந்தார்கள். சிலைகளுக்குத் துணி சுற்றுவதும் இதோடு சேர்ந்த சடங்கு.

நகரங்களில் சுவர் எழுத்தே கூடாது. கிராமத்தில் உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இருந்தால் எழுதலாம். அதன் நகலை 3 நாளுக்குள் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். செலவு வேட்பாளர் கணக்கில் ஏறும். தேர்தல் பணியில் அப்படிப்பட்ட சம்மதக் கடிதங்களை நான் கட்டுக் கட்டாக அடுக்கியிருக்கிறேன். வாசகம் எல்லாவற்றிலும் ஒன்று, எழுதிய கையும் ஒன்று. கையொப்பம் மட்டும் வேறு வேறு. அதில் எத்தனை பேர் மனதாரப் போட்டார்கள் என்று கேட்க படிவத்தில் கட்டம் இல்லை.

சுவரொட்டியில் அச்சடித்தவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு சொல்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்த முறை பார்க்கும்போது சுவரொட்டியின் அடியில் அந்தப் பொடி எழுத்தைத் தேடிப் பாருங்கள்.

பிளெக்ஸ் வந்த பிறகு விஷயம் அழகைக் கடந்து உயிருக்கு வந்துவிட்டது. 2017 நவம்பரில் கோவையில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழாவுக்குச் சாலையில் கட்டிய மர வளைவு ரகுபதி என்ற இளைஞரின் உயிரைப் பறித்தது. 2018 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் பேனர்களுக்கு இடைக்காலத் தடை போட்டது. அந்தத் தடை இருக்கும்போதே, 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில், ஆளுங்கட்சிப் பிரமுகர் வீட்டுக் கல்யாண பேனர் சரிந்து 23 வயது சுபஸ்ரீ விழுந்தார். பின்னால் வந்த லாரி ஏறியது. அதன் பிறகு கட்சித் தலைவர்கள் பேனர் வேண்டாம் என்றார்கள். பேனர் வழக்குகளுக்காகப் பல வருஷம் கோர்ட்டுக்கு நடந்த டிராபிக் ராமசாமியை அதுவரை கேலி செய்தவர்களும் அன்று வாய் மூடினார்கள்.

2025 ஜனவரியில் மதுரைக் கிளை, பொது இடங்களில் நிற்கும் கட்சிக் கொடிக்கம்பங்களை 12 வாரத்தில் எடுக்கச் சொன்னது. கட்சிகள் எடுக்காவிட்டால் அதிகாரிகள் எடுத்துவிட்டுச் செலவை அவர்களிடமே வசூலிக்க வேண்டும்.

எல்லாம் எடுப்பதற்கான உத்தரவுகள். கட்சி பலமோ பிளெக்ஸ் கடைக்காரரின் தயவோ இல்லாத ஒரு சுயேச்சை, தன் பெயரை எந்த இடத்தில் ஊராருக்குக் காட்டுவது என்று ஓர் உத்தரவும் சொல்லவில்லை. ஊராட்சி அலுவலக வாசலில் ஆளுக்கு நாலடி என்று பலகை வைத்து, சீட்டுக் குலுக்கி இடம் கொடுக்க எவ்வளவு செலவாகிவிடும்? மீதிச் சுவர் வீட்டுக்காரருக்கு. அவர் கிழித்தால் யாரும் கேட்கக் கூடாது.