அடுத்த திகில் புத்தகம்: பேர் இல்லாத பூதமும் பேர் போடாத புத்தகமும்

"டிராகுலா முடிச்சாச்சு, அடுத்து என்ன திகில் புத்தகம் படிக்கலாம்?"னு கேக்குறவங்களுக்கு என்னோட பதில் எப்பவும் ஒண்ணுதான். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்'.

உடனே "அதான் தெரியுமே, கழுத்துல ஆணி அடிச்ச ஆளுதானே"ன்னு கிளம்பிடாதீங்க மக்களே. அந்த ஆணி 1931-ல் வந்த ஹாலிவுட் படத்துக்காக மாட்டினது. புத்தகத்துல ஆணியும் கிடையாது, அந்தப் பூதத்துக்குப் பேரும் கிடையாது. ஃபிராங்கன்ஸ்டைன் என்பது அதை உருவாக்கிய விக்டரின் குடும்பப் பேர்.

சரி, வாங்கிடலாம்னு கடைக்குப் போனா அங்கே இன்னொரு சிக்கல். இதே பேர்ல ரெண்டு புத்தகம் இருக்கு. ஒண்ணு 1818 பதிப்பு, இன்னொண்ணு 1831-ல் மேரியே திருத்தி எழுதிய பதிப்பு. எதை எடுக்குறதுன்னு முடிவு பண்ண கொஞ்சம் வரலாறு தெரியணும்.

1815 ஏப்ரலில், இன்றைய இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடிச்சது. அது கக்கியது வானத்துல பரவி வெயிலை மறைக்க, 1816-ல் ஐரோப்பாவுக்குக் கோடையே வரலை. மழை, குளிர், விளைச்சல் நாசம், பஞ்சம். அந்த ஜூன் மாசம் ஜெனீவா ஏரிக்கரையில் 'வில்லா டியோடாட்டி' என்ற வீட்டில் கவிஞர் பைரன் தங்கியிருந்தார். கூட அவருடைய டாக்டர் பொலிடோரி, வயசு 20. பக்கத்துல வேறொரு வீட்டில் கவிஞர் பெர்சி ஷெல்லி, 18 வயசு மேரி, மேரியின் மாற்றாந்தாய் மகள் கிளேர். வெளியே தலைகாட்ட முடியாத மழை. ஜெர்மன் பேய்க்கதைகளைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்புல படிச்சுப் பொழுதை ஓட்டினாங்க. அப்போதான் பைரன், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம்னு ஆரம்பிச்சு வச்சார்.

வேடிக்கை என்னன்னா, பெரிய கவிஞர்கள் ரெண்டு பேரும் பாதியிலேயே விட்டுட்டாங்க. முடிச்சது டாக்டரும் மேரியும்தான்!

பைரன் அம்போன்னு விட்ட கதைத் துண்டை எடுத்து 'தி வாம்பயர்' எழுதினார் பொலிடோரி. 1819-ல் அது ஒரு பத்திரிகையில் வந்தப்போ ஆசிரியர் பேர் பைரன்னு போட்டுட்டாங்க. நான் எழுதலைன்னு பைரனே சொல்லியும் அந்த முத்திரை சுலபத்துல போகலை. பொலிடோரி 1821-ல் 25 வயசுல செத்துப்போனார். டிராகுலா பிரபுவுக்கு முப்பாட்டன் இவரோட லார்ட் ருத்வென்தான்.

மேரி கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான். 1818 ஜனவரி 1-ம் தேதி, மூணு பாகமா, 500 பிரதி வெளியாச்சு. எழுதினவர் பேர் எங்கேயும் இல்லை. முன்னுரை பெர்சி எழுதினது. விமர்சனம் எழுதிய வால்டர் ஸ்காட்கூட இது பெர்சியோட நாவல்னே நினைச்சார். 1823-ல் லண்டனில் இதை நாடகமா போட்டப்போ, நடிகர் பட்டியல்ல பூதத்தின் பேர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு மட்டும் போட்டிருந்தாங்க. நேர்ல போய்ப் பார்த்த மேரி அதை ரசிச்சு நண்பருக்குக் கடிதம் எழுதினார். அதே வருஷம் வந்த ரெண்டாம் பதிப்புலதான் மேரியோட பேர் ஏறுச்சு. பேர் இல்லாத பூதத்தை எழுதினவரும் அஞ்சு வருஷம் பேர் இல்லாமத்தான் இருந்தார்.

இப்போ நிஜமான திகிலுக்கு வருவோம். மேரி பிறந்து 11-வது நாள் அவரோட அம்மா இறந்துட்டாங்க. 1815-ல் மேரியின் முதல் குழந்தை, குறைமாசத்துல பிறந்தது, ரெண்டு வாரம்கூட தங்கலை. அந்தக் குழந்தை செத்துப்போகலை, வெறும் குளிர்தான், நெருப்புக்குப் பக்கத்துல வச்சுத் தேய்ச்சதும் பிழைச்சுக்கிச்சுன்னு கனவு கண்டதா நாட்குறிப்புல எழுதியிருக்கார். அடுத்த வருஷம்தான் இந்தக் கதை பிறக்குது. நாவலில் பூதம் முதல்ல கொல்வது விக்டரின் தம்பியான ஒரு சின்னப் பையனை. பேர் வில்லியம். மேரியோட சொந்தப் பையன் பேரும் வில்லியம். புத்தகம் வெளியான மறுவருஷம், 1819 ஜூனில், ரோம் நகரத்துல அந்தக் குழந்தையும் போயிடுச்சு, வயசு மூணு. அதுக்கு முன்னாடியே, 1818-ல், மகள் கிளாரா. 1822-ல் கடலில் மூழ்கி பெர்சி.

இதையெல்லாம் பார்த்தவர்தான் 1831-ல் உட்கார்ந்து புத்தகத்தைத் திருத்துறார். என்ன மாத்தினார்? 1818-ல் விக்டர் கட்டிக்கப்போற எலிசபெத் சொந்த அத்தை மகள் (நம்ம ஊர் கணக்குல சரியான முறைப்பொண்ணு! :-)). 1831-ல் எங்கோ எடுத்து வளர்த்த அநாதைப் பொண்ணா மாத்திட்டார். இது சின்ன மாற்றம். பெரிய மாற்றம் வேற. திருத்திய பதிப்புல விக்டர் பேச்சுக்குப் பேச்சு விதியை இழுக்குறான். என்ன செஞ்சாலும் இப்படித்தான் முடிஞ்சிருக்கும்னு ஒரு தொனி. அத்தனை பேரைப் பறிகொடுத்த பெண் விதியை நம்பியிருந்தா, நாம யாரு குறை சொல்ல?

ஆனா திகில் புத்தகமா படிக்க என் ஓட்டு 1818-க்குத்தான். அதில் விக்டருக்கு நிறுத்திக்க வாய்ப்பு இருந்தது. பூதம் கண்ணைத் திறந்ததும் பெத்துப் போட்டவன் அறையை விட்டு ஓடுறான். திரும்பிப் பார்த்திருக்கலாம், வாய் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். செய்யலை. விதின்னு சொல்லிட்டா நமக்குக் கொஞ்சம் நிம்மதி. அவன் நினைச்சிருந்தா தடுத்திருக்கலாம் என்பதுதான் தூக்கத்தைக் கெடுக்குது.

கண்டுபிடிக்கிறது சுலபம். மூணு பாகமா பிரிச்சு, பாகத்துக்குப் பாகம் அத்தியாய எண் ஒண்ணுல தொடங்கினா அது 1818. வரிசையா 24 அத்தியாயம் ஓடினா 1831. ஆனா 1831-க்கு மேரி எழுதின முன்னுரையை விட்டுடாதீங்க. ஜெனீவா மழையையும் தான் கண்ட பூதத்தையும் அவரே சொல்ற இடம் அது. கதையை முடிச்சுட்டு அதைப் படிங்க. அதுக்கப்புறம் ஒரே ராத்திரியில் முடிக்கிற அளவு சின்னதா 'தி வாம்பயர்' இருக்கு. பாவம் பொலிடோரி, அவர் பேரைச் சொல்லி அதையும் படிச்சுடுங்க.

உங்க ஓட்டு எந்தப் பதிப்புக்கு? படிச்சவங்க சொல்லுங்க.