இறந்தவர் உடலில் கண்ட புழு

மலத்தைச் சோதனைக்குக் கொடுக்கச் சொன்னால் நம்மில் பலர் கூச்சப்படுகிறோம். அந்தச் சோதனையின் வரலாற்றை இன்று பார்ப்போம்.

1874ஆம் ஆண்டு கல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சீனத் தச்சர் ஒருவர் இறந்தார். ஜேம்ஸ் மெக்கானல் என்னும் மருத்துவர் உடலை அறுத்துப் பார்த்தார். கல்லீரலின் பித்தக் குழாய்களில் தட்டைப் புழுக்கள் அடைத்துக் கிடந்தன! நோய் தெரிந்தது, நோயாளிதான் இல்லை.

உயிரோடிருப்பவரிடம் இதை எப்படிக் கண்டறிவது? புழு இடும் முட்டைகள் பித்தநீரோடு குடலுக்கு இறங்கி, மலத்தில் வெளியேறுகின்றன. முட்டையின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கே. நுண்ணோக்கியில்தான் தெரியும்.

1954இல் ஜப்பானில் கட்டோ, மியூரா இருவரும் கண்ணாடிச் சில்லில் மலத்தைத் தடவி, கிளிசரினில் ஊறிய செலோபேன் தாளால் மூடினர். மலம் தெளிந்து முட்டைகள் புலப்பட்டன. 1972இல் பிரேசிலில் காட்ஸ் குழுவினர் அளவுத் தகட்டைச் சேர்த்தனர். இன்றைய தகட்டின் துளை 41.7 மில்லிகிராம் கொள்ளும். எண்ணிய முட்டைகளை 24ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்குரிய கணக்கு வரும். புழு குறைவென்றால் ஒரு சோதனையில் தப்பிவிடலாம். அதனால்தான் மறுபடியும் கேட்கிறார்கள்.

தாய்லாந்து, லாவோஸ், சீனா போன்ற நாடுகளில் ஆற்று மீனை வேகவைக்காமல் உண்பவர்களை இவ்வகைப் புழுக்கள் பற்றுகின்றன. முற்றினால் பித்தக் குழாயில் புற்றுநோய் வரலாம். பிராசிகுவாண்டல் மாத்திரை புழுவைக் கொல்லும். ஆனால், இருப்பது தெரிந்தால்தானே மருந்து?

அந்தத் தச்சருக்குக் கிட்டாத வாய்ப்பு நமக்குக் கிட்டியிருக்கிறது. மருத்துவமனையில் சிறு டப்பியை நீட்டினால் கூசாமல் வாங்கிக்கொள்வோம்.