ஜானி கேஷ் வித் ஹிஸ் ஹாட் அண்ட் புளூ கிட்டார்

ஜானி கேஷ் வித் ஹிஸ் ஹாட் அண்ட் புளூ கிட்டார் என்பது அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷின் முதல் இசைத்தொகுப்பு ஆகும். டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் இயங்கிய சன் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் இதனை 1957ஆம் ஆண்டு அக்டோபர் 11 அன்று வெளியிட்டது. அந்நிறுவனத்தின் முதல் நெடுநேர இசைத்தட்டும் (எல்.பி.) இதுவே. சாம் ஃபிலிப்ஸ் தயாரித்த இத்தொகுப்பில் 12 பாடல்கள் உள்ளன. அவற்றுள் ஐந்து கேஷின் பெயரில் வெளிவந்தவை.

ஒரு தொகுப்புக்கென்றே திட்டமிட்டுப் பதிவு செய்யப்பட்ட பாடல்கள் அல்ல இவை. சிறு இசைத்தட்டுகளாக ஏற்கெனவே விற்பனையான பாடல்களுடன் பிறர் பாடல்களைச் சேர்த்து இத்தொகுப்பு உருவாக்கப்பட்டது. எனினும் தொடர்வண்டி, சிறை, ஏழ்மை, இறைநம்பிக்கை எனக் கேஷ் தம் வாழ்நாள் முழுவதும் பாடிய பொருள்கள் அனைத்தும் இதிலேயே இடம்பெற்றுவிட்டன. இதிலுள்ள "ஃபால்சம் பிரிசன் புளூஸ்" என்னும் பாடல் பின்னாளில் பெரும் புகழையும் உரிமைச் சிக்கலையும் ஒருங்கே கொண்டுவந்தது.

பின்னணி

கன்ட்ரி இசை அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஊர்ப்புற மக்களிடையே வளர்ந்த இசைவகை ஆகும். ஜானி கேஷ் (1932–2003) ஆர்க்கன்சஸ் மாநிலத்தின் கிங்ஸ்லாண்டில் பிறந்தார். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் ஏழை உழவர்களுக்காக அரசு அமைத்த டையஸ் என்னும் குடியிருப்பில் வளர்ந்தார். இளமையில் குடும்பத்தினருடன் பருத்தி வயலில் வேலை செய்தார்.

1950இல் அமெரிக்க வான்படையில் சேர்ந்த கேஷ், செருமனியின் லான்ட்ஸ்பெர்க் தளத்தில் சோவியத் ஒன்றியத்தின் மோர்சு தந்திச் செய்திகளை இடைமறித்துக் கேட்கும் பணியில் ஈடுபட்டார். கலிபோர்னியாவின் ஃபால்சம் சிறையைப் பற்றிய திரைப்படம் ஒன்றை அங்கு பார்த்த பின்னரே "ஃபால்சம் பிரிசன் புளூஸ்" பாடலை எழுதினார்.

1954இல் பணியிலிருந்து விடுபட்டு மெம்ஃபிஸில் குடியேறினார். வீடு வீடாகச் சென்று வீட்டு உபயோகப் பொருட்களை விற்று வந்த அவர், லூதர் பெர்க்கின்ஸ், மார்ஷல் கிராண்ட் ஆகிய இரு வாகனப் பழுதுபார்ப்பாளர்களுடன் இணைந்து பாடத் தொடங்கினார். தொடக்கத்தில் இவர்கள் விரும்பிப் பாடியவை கிறித்தவச் சமயப் பாடல்கள். அத்தகைய பாடல்களைத் தம்மால் விற்க இயலாது என்று கருதிய ஃபிலிப்ஸ், வேறு பாடல்களைக் கொண்டுவருமாறு கேட்டார். அவ்வாறு உருவானதே 1955இல் வெளியான "கிரை! கிரை! கிரை!". அது பில்போர்டு கன்ட்ரி பாடல் பட்டியலில் 14ஆம் இடத்தை எட்டியது.

பதிவு

பாடல்கள் 1955 முதல் 1957 வரை பல அமர்வுகளில், யூனியன் அவென்யூவில் இருந்த ஃபிலிப்ஸின் சிறிய பதிவுக்கூடத்தில் பதிவாயின. எல்விஸ் பிரெஸ்லி, கார்ல் பெர்க்கின்ஸ், ஜெர்ரி லீ லூயிஸ் ஆகியோரும் இதே கூடத்தில் பாடியவர்களே.

இசைக்குழுவில் மூவர் மட்டுமே இருந்தனர். பெர்க்கின்ஸ் மின்கிட்டாரையும், கிராண்ட் நின்றபடி வாசிக்கும் பெரிய பாஸ் கருவியையும், கேஷ் சாதாரண கிட்டாரையும் இசைத்தனர். குழுவில் முரசு இல்லை. அக்குறையை ஈடுசெய்யக் கேஷ் தம் கிட்டாரின் தந்திகளுக்கிடையே ஒரு காகிதத்தைச் செருகி மீட்டினார். அதனால் எழுந்த வறண்ட தாள ஒலி சிறுமுரசின் ஒலியை ஒத்திருந்தது. பெர்க்கின்ஸின் எளிய, விட்டுவிட்டு ஒலிக்கும் மீட்டலும் இதனுடன் சேர்ந்து, ஓடும் தொடர்வண்டியை நினைவூட்டும் நடையை அளித்தது. "பூம்-சிக்கா-பூம்" என்று அழைக்கப்படும் இந்நடை, மூவரின் குறைந்த பயிற்சியாலும் குறைந்த கருவிகளாலும் அமைந்ததாகும். பின்னர் அதுவே கேஷின் அடையாளமாயிற்று.

"ஐ வாக் த லைன்" பாடலை மெதுவான நடையில் பாடவே கேஷ் எண்ணியிருந்தார். ஃபிலிப்ஸின் விருப்பப்படி அது விரைவாகப் பதிவு செய்யப்பட்டது. இப்பாடலில் சுருதி மாறிக்கொண்டே செல்வதால், ஒவ்வொரு சரணத்திற்கும் முன்பு கேஷ் முணுமுணுத்துச் சுருதியைப் பிடிப்பதைக் கேட்கலாம்.

பாடல்கள்

முதல் பக்கம்
1. ராக் ஐலண்ட் லைன் – மரபுப் பாடல்
2. ஐ ஹியர்ட் தட் லோன்சம் விசில் – ஹேங்க் வில்லியம்ஸ், ஜிம்மி டேவிஸ்
3. கன்ட்ரி பாய் – ஜானி கேஷ்
4. இஃப் த குட் லார்ட்ஸ் வில்லிங் – ஜெர்ரி ரீட்
5. கிரை! கிரை! கிரை! – ஜானி கேஷ்
6. ரிமெம்பர் மீ – ஸ்டூவர்ட் ஹாம்ப்ளன்

இரண்டாம் பக்கம்
7. சோ டாக்கான் லோன்சம் – ஜானி கேஷ்
8. ஐ வாஸ் தேர் வென் இட் ஹேப்பண்ட் – ஜிம்மி டேவிஸ், ஃபெர்ன் ஜோன்ஸ்
9. ஐ வாக் த லைன் – ஜானி கேஷ்
10. த ரெக் ஆஃப் த ஓல்ட் 97 – மரபுப் பாடல்
11. ஃபால்சம் பிரிசன் புளூஸ் – ஜானி கேஷ்
12. டூயிங் மை டைம் – ஜிம்மி ஸ்கின்னர்

இவற்றுள் மூன்று பாடல்கள் கைதியின் கூற்றாக அமைந்தவை. நான்கில் தொடர்வண்டி இடம்பெறுகிறது. "ராக் ஐலண்ட் லைன்" 1934இல் கேஷின் சொந்த மாநிலமான ஆர்க்கன்சஸில் சிறைக் கைதிகள் பாடப் பதிவு செய்யப்பட்ட பாடலாகும். பத்தாம் பாடல், 1903இல் வர்ஜீனியாவின் டான்வில் அருகே அஞ்சல் தொடர்வண்டி ஒன்று பாலத்திலிருந்து கவிழ்ந்து 11 பேர் இறந்த விபத்தைப் பற்றியது. ஃபிலிப்ஸ் முன்பு ஏற்க மறுத்த சமயப் பாடல் வகைக்கு எட்டாம் பாடல் எடுத்துக்காட்டாகும்.

வரவேற்பு

கன்ட்ரி இசைத்தொகுப்புகளுக்கென்று தனிப் பட்டியலைப் பில்போர்டு இதழ் 1964இல்தான் தொடங்கியது. ஆகவே இத்தொகுப்பின் வெற்றியை இதிலுள்ள தனிப்பாடல்களைக் கொண்டே அறிய முடிகிறது. 1956இல் வெளியான "ஐ வாக் த லைன்" கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பெற்றதுடன், பொதுப் பாடல் பட்டியலில் 17ஆம் இடத்தையும் எட்டியது. "ஃபால்சம் பிரிசன் புளூஸ்" கன்ட்ரி பட்டியலின் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தது.

உரிமைச் சிக்கல்

"ஃபால்சம் பிரிசன் புளூஸ்" பாடலின் மெட்டும் வரிகள் பலவும் கோர்டன் ஜென்கின்ஸ் 1953இல் வெளியிட்ட "செவன் ட்ரீம்ஸ்" தொகுப்பிலுள்ள "கிரசென்ட் சிட்டி புளூஸ்" பாடலை ஒத்தவை. அப்பாடல் சிற்றூர் ஒன்றில் சலிப்புற்று, கடந்து செல்லும் தொடர்வண்டியைக் கேட்டு ஏங்கும் ஒரு பெண்ணின் கூற்றாகும். கேஷ் அவ்விடத்தில் ஒரு கொலைக் கைதியை நிறுத்தினார். பாடலின் பொருள் முற்றிலும் மாறியபோதும், இசைத்தட்டில் ஜென்கின்ஸின் பெயர் இடம்பெறவில்லை. இறுதியில் 1970களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 75,000 டாலர் அளித்துக் கேஷ் இச்சிக்கலைத் தீர்த்துக்கொண்டார்.

பின்விளைவுகள்

சமயப் பாடல்களைப் பதிவு செய்ய இயலாமையும், சன் நிறுவனம் அளித்த குறைந்த ராயல்டித் தொகையும் கேஷுக்கு மனக்குறையை ஏற்படுத்தின. அவர் 1958இல் கொலம்பியா ரெக்கார்ட்ஸ் நிறுவனத்திற்கு மாறினார். அடுத்த ஆண்டே அவரது சமயப் பாடல் தொகுப்பு அங்கு வெளிவந்தது. சன் நிறுவனமோ தன்னிடம் எஞ்சியிருந்த பதிவுகளைக் கொண்டு 1964 வரை கேஷின் தொகுப்புகளை வெளியிட்டு வந்தது.

கேஷ் சிறைத் தண்டனை எதையும் அனுபவித்தவர் அல்லர். எனினும் இத்தொகுப்பின் பாடல்களால் கைதிகள் அவரைத் தம்மவராகக் கருதினர். அவர் 1957 முதல் சிறைகளில் பாடத் தொடங்கினார். 1968 ஜனவரி 13 அன்று ஃபால்சம் சிறையிலேயே நடந்த நிகழ்ச்சியின் பதிவு "அட் ஃபால்சம் பிரிசன்" என்ற பெயரில் வெளிவந்தது. முன்பு முதலிடத்தை எட்டாத "ஃபால்சம் பிரிசன் புளூஸ்", அப்பதிவின் வழியாகக் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பெற்றது. 1972இல் அமெரிக்க மேலவையின் துணைக்குழு முன் தோன்றிய கேஷ், சிறைச் சீர்திருத்தத்தை வலியுறுத்திச் சாட்சியம் அளித்தார்.